அம்மா அறை விளக்கை அணைக்க அனுமதி கோரி ஒரு திறந்த மடல்

எங்கள் வீட்டுக்குத் தானியங்கிக் கருவிகள் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. என் புகார் எண்களைப் பார்த்தாலே நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஏழு மாதத்தில் நான்கு புகார் கொடுத்தேன். நான்கையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதி முடித்துவைத்திருக்கிறீர்கள். பழைய கதை எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை இரவைப் பற்றியும், வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

செவ்வாய் இரவு தாம்பரம் பக்கம் நல்ல மழை. பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு, ஒன்றரை மணிக்கெல்லாம் உயிரை விட்டது. 2.10-க்குக் கரண்ட் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வீட்டில் இருக்கிற பதினான்கு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஹால், சமையலறை, பால்கனி, பூஜை அலமாரி, குளியலறை, எல்லாம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் சுவிட்ச் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கழற்றினீர்கள். அந்த இடத்தில் கண்ணாடிப் பலகை இருக்கிறது. தொட்டால் நீல வெளிச்சம் வந்து ‘டிங்’ என்று சத்தம் வரும். அன்றைக்கும் வந்தது. விளக்குதான் அணையவில்லை. ஹால் அலமாரியில் இருக்கும் உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஃபோனில் ஆப்பைத் திறந்தேன். ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்றது. கீழே இருக்கிற ஃபைபர் பெட்டியில் தண்ணீர் புகுந்து இணையம் போயிருந்தது. சரி, ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம் என்று பார்த்தால், பெட்டிக்குப் புது வைஃபை காட்டவேண்டுமானால் பெட்டி முதலில் இணையத்தில் இருக்கவேண்டுமாம். இந்தச் சாமர்த்தியம் யாருக்குத் தோன்றியதோ, அவரை ஒருநாள் நேரில் பார்க்க ஆசை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. தானாகப் புரண்டு படுக்க முடியாது, மல்லாந்தேதான் கிடக்கவேண்டும். கட்டிலுக்கு நேர் மேலே உங்கள் ஆட்கள் தேர்ந்தெடுத்துப் பொருத்திய எல்இடி விளக்கு, முழு வெளிச்சத்தில். துண்டை எடுத்துக் கண்ணை மூடினேன். மூச்சு முட்டுகிறது என்று தள்ளிவிட்டார். “ஏண்டா, ஒரு லைட்ட அணைக்கத் தெரியலையா உனக்கு?” என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் கதவுக்கு மேலே இருக்கிற மின்விநியோகப் பெட்டியில் (டிபி பாக்ஸ்) அந்த அறைக்கான கரண்டைத் துண்டிக்கும் எம்சிபியை இறக்கினேன். விளக்கு அணைந்தது. கூடவே ஃபேனும் நின்றது. மழை நாள் புழுக்கம், கொசு வேறு. ஐந்து நிமிஷத்தில் “ஃபேனைப் போடுடா” என்று குரல் வந்தது. மறுபடி ஏறி எம்சிபியைத் தூக்கினால் ஃபேனோடு விளக்கும் வந்தது. இப்படி மூன்று முறை ஏறி இறங்கினேன். எனக்கும் அறுபத்திரண்டு வயது ஆகிறது. கடைசியில் அப்பாவின் பழைய கறுப்புக் குடையை எடுத்து விரித்து, காம்பைக் கட்டிலின் தலைமாட்டில் துணியால் கட்டினேன். வெளியே மழை, வீட்டுக்குள் குடை. அதன் நிழலில்தான் அம்மா விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணயர்ந்தார்.

மறுநாள் காலை தெரு முனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு, அம்மா அறை விளக்குக்கு மட்டும் ஒரு சாதாரண ஆறு ஆம்ப் சுவிட்ச் வைத்தேன். இருபது நிமிஷ வேலை. இதை உங்கள் வாடிக்கையாளர் சேவையில் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது: அங்கீகரிக்கப்படாத மாற்றம் செய்ததால் வீடு முழுவதற்குமான உத்தரவாதம் ரத்தாகிறது.

ஐயா, அந்த வரியைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குள் இடும் கட்டளை வீட்டுக்குள்ளேயே நிறைவேறவேண்டும், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சுவரில் இருக்கும் பலகையிலிருந்து உங்கள் பெட்டி பத்தடி தூரம். பெட்டியிலிருந்து, விளக்கை எரியவும் அணையவும் வைக்கிற ரிலே பன்னிரண்டடி. பலகையும் பெட்டியும் ரிலேயும் ஜிக்பீ என்ற குறுகிய தூர ரேடியோ அலையில்தான் பேசிக்கொள்கின்றன, அதற்கு இணையமே வேண்டாம் என்று பொருத்த வந்த உங்கள் பையனே சொன்னான். அப்புறம் எதற்காக நடுவில் எங்கேயோ இருக்கிற சர்வரைக் கேட்கவேண்டும்? அடுக்களையில் இருக்கிற மனைவியிடம் தண்ணீர் கேட்க, ஊரில் இருக்கும் மாமனாருக்கு ஃபோன் போட்டு அனுமதி வாங்குகிற கதையாக இருக்கிறது.

குரலைப் புரிந்துகொள்ளப் பெரிய கணினி வேண்டும், அதனால் இணையம் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். விரலால் தொடுவதைப் புரிந்துகொள்ளவுமா?

முடியாததைக் கேட்கவில்லை. 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய எக்ஸ்10 என்ற ஏற்பாடு, வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குக்குச் செய்தி அனுப்பியது. இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தில் அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் எல்லாருமே சேர்ந்திருக்கிறார்கள். கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே நேராகப் பேசிக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதில் மேட்டரே. வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறந்தமூல மென்பொருளை என் அக்கா மகன் ராஸ்ப்பெர்ரி பை என்ற கையகலக் கணினி ஒன்றில் ஓட்டுகிறான். அவன் வீட்டு ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டாலும் விளக்கு சொன்னபடி கேட்கிறது. கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆன பையன் செய்வதை, என்னிடம் 1,85,000 ரூபாய் வாங்கிய நீங்கள் செய்ய முடியாதா?

2025 தீபாவளி, அக்டோபர் 20-ஆம் தேதி. அன்றைக்குத்தான் அமேசானின் வடக்கு வர்ஜீனியா கணினி மையங்களில் கோளாறு ஏற்பட்டு, அலெக்ஸா முதல் வாசல் கேமரா வரை பலருக்கு வேலை செய்யாமல் போனது. எயிட் ஸ்லீப் என்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த மெத்தைகள் சில சூட்டிலேயே நின்றுவிட்டன, சில சாய்ந்த வாக்கில் மாட்டிக்கொண்டன. அதன் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சில நாளிலேயே இணையம் இல்லாமல் புளூடூத்தில் இயக்கும் வசதியையும் கொடுத்தார்கள். மன்னிப்புகூட வேண்டாம், எனக்கு அந்த வசதி போதும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. ரிவால்வ் என்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. அந்த நிறுவனத்தைக் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள், பெட்டி செத்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு வீட்டுத் தானியங்கிக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஆனால் (ஆகவேண்டாம், நன்றாக இருங்கள்) என் வீடு என்ன ஆகும்? விளக்கு எரிவதும் அணைவதும் உங்கள் லாப நஷ்டக் கணக்கைப் பொறுத்தா?

குரல் கட்டளை பற்றியும் ஒரு வார்த்தை. ‘சொன்னதைச் செய்யும் வீடு’ என்று உங்கள் விளம்பரம் தமிழில்தான் இருந்தது. வீடோ ஆங்கிலத்துக்குத்தான் செவி சாய்க்கிறது. படுத்த படுக்கையில் இருக்கிறவர் சுவருக்கு நடந்து போகவேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றுதான் இதை வாங்கினேன். அம்மா “லைட்டப் போடு” என்றார், பேசாமல் இருந்தது. “வெளக்க ஏத்து” என்றார், அதற்கும் இல்லை. ‘டர்ன் ஆன் மாஸ்டர் பெட்ரூம் லைட்’ என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் பெரிதாக எழுதித் தலையணை அடியில் வைத்தேன். அம்மா அதைக் கையில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். இருட்டில் படிக்க முடியாது, படிப்பதற்கு லைட் வேண்டும். “மாஸ்டர்னா யாருடா, டீ மாஸ்டரா?” என்று ஒருநாள் கேட்டார். ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஏஐ மாதிரிகளை (மாடல்) யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போய்விடுகிற தூரம்.

இதெல்லாம் உங்கள் ஒருவர் குற்றமில்லைதான். காஸ் பதிய ஆப், கரண்ட் பில்லுக்கு ஆப், அடுக்குமாடிக்குள் தண்ணீர் லாரி நுழையவும் ஆப். எதைத் தொட்டாலும் ஓடிபி. சாமி கும்பிடப் போனாலும் ஆன்லைனில் பதிந்தீர்களா என்கிறார்கள். போகிற போக்கில் கொட்டாவி விட ஓடிபி கேட்டாலும் ஆச்சரியமில்லை.

மன்னிக்கவேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். வயதானவன் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கையைப் புலம்பலோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

தயவுசெய்து, இணையம் இல்லாதபோதும் பலகையும் பெட்டியும் விளக்கும் வேலை செய்யும்படி மென்பொருளைத் திருத்திக் கொடுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது, முன்னால் எரிந்தது எரியட்டும், அணைந்திருந்தது அணைந்தே இருக்கட்டும். உத்தரவாதத்தை ரத்து செய்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரும் புதன்கிழமை ‘சோதனைக்காக’ ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தாராளமாக வரட்டும், காபி கொடுக்கிறேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வெள்ளை சுவிட்ச் இருக்கும். அதை மட்டும் கழற்றவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நான்கு முறை ‘தீர்க்கப்பட்ட’ உங்கள் வாடிக்கையாளர்