மாப்ள, குக்கர பிளக்லேருந்து எடுத்துட்டு இத படி

டேய் மாப்ள,

இங்க எல்லாரும் சௌக்கியம், அங்கயும் அப்படித்தான் இருப்பீங்க, அம்மாவ ரொம்ப கேட்டதா சொல்லு, மொட்டை இன்னும் அதே மாதிரிதான் இருக்கான், போதும், விஷயத்துக்கு வரேன்.

நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தேன்டா. ரைஸ் குக்கர் ஒயர நடுவுல வெட்டி ஒரு ரிலே போர்டு (புரோகிராம் சொல்றபடி கரன்ட சேத்து பிரிக்கற சுவிட்ச்), அத டப்பா மூடி மேல டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருக்க, பக்கத்துலயே பிரெட்போர்டு (சால்டர் பண்ணாம ஒயர சும்மா சொருகற பலகை), அதுலேருந்து ஒரு சென்சார் ஒயர் பால் பாத்திரத்துக்குள்ள தொங்குது, இதுக்கு நடுவுல குக்கர் லீவரு மேல எழும்பாம இருக்க துணி காயப்போடற கிளிப்ப மாட்டியிருக்க. கீழ “நைட் ஃபுல்லா விட்டுட்டு தூங்கப்போறேன், காலைல கெட்டித் தயிர்”னு ஒரு பெருமை வேற. ஃபோன் பண்ணா எடுக்கல. வாய்ஸ் நோட் போட்டா நீ கேக்கப்போறதில்ல, எழுதுனாத்தான் உக்காந்து படிப்ப, அதான் இவ்ளோ நீளம்.

மொதல்ல அந்த கிளிப்ப எடு. அது எழும்பறதுதான்டா அதோட வேலையே. அந்த சாதா குக்கர் அடில ஒரு ஸ்பிரிங் வச்ச காந்தம் இருக்கு, ஒரு வகை அலாய், 100 டிகிரிக்கு கொஞ்சம் மேல போச்சுன்னா அதோட காந்தத்தன்மை போயிரும். தண்ணி இருக்கற வரைக்கும் பாத்திரத்தோட சூடு 100ஐ தாண்டாது, தண்ணி தீந்ததும் சரசரன்னு ஏறும், காந்தம் கைவிடும், ஸ்பிரிங் லீவர தள்ளி விட்டுரும். ஒரு சிப்பு கிடையாது, ஒரு வரி புரோகிராம் கிடையாது. அவ்ளோ அழகான விஷயத்த நீ ஒரு கிளிப்ப வச்சு வாயடைச்சிருக்க. இப்ப மிச்சம் இருக்கறது உள்ள இருக்கற தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறுனா அறுந்துபோறது) ஒண்ணுதான், அதையும் “போயிருச்சு”ன்னு ஒயர் வச்சு ஷார்ட் பண்ணியிருக்க மாட்டல்ல? ஃபியூஸ் வாத்தியார் ஞாபகம் வருது எனக்கு.

அடுத்தது உன் கோடு, அதான் நீ எழுதுன புரோகிராம். ஸ்கிரீன் ஓரத்துல தெரிஞ்ச வரைக்கும் 43 டிகிரிக்கு கீழ இருந்தா ஹீட்டர் ஆன், இல்லன்னா ஆஃப், அவ்ளோதான் எழுதியிருக்க. சென்சார் டிஎஸ்18பி20ங்கற சூடு அளக்கற சில்லுதான? அந்த ஒயர் ஒண்ணு கழண்டுருச்சுன்னு வை, பிரெட்போர்டுல கழலறதுக்கு ஒரு காரணமும் வேண்டாம், பூனை நடந்தாலே போதும். அப்ப நீ போட்டிருக்கற லைப்ரரி, அதான் சென்சார படிக்கற ரெடிமேட் கோடு, என்ன சொல்லும் தெரியுமா? மைனஸ் 127ன்னு சொல்லும். சென்சார் இல்லங்கறதுக்கு அதுதான் அடையாளம், ஆனா உன் கோடுக்கு அது வெறும் நம்பர். ஐயோ பால் உறைஞ்சு கெடக்கு போலன்னு ஹீட்டர ஃபுல்லா போடும், போட்டுட்டே இருக்கும், விடிய விடிய. இன்னொரு கூத்து, கரன்ட் வந்த உடனே அது மொதல்ல 85ன்னு காட்டும், அதுவும் நெஜ சூடு இல்ல, ரீசெட் ஆனா அதுக்குள்ள இருக்கற தொடக்க மதிப்பு. இது பரவால்ல, ஹீட்டர அணைச்சுதான் வைக்கும். ஆனா மைனஸ் 127 வீட்டையே கொளுத்திடும்டா.

அதனால நாலு வரி சேரு. மைனஸ் 127 வந்தா ஆஃப், 85 வந்தா நம்பாத, திரும்ப கேளு. அப்பறம் முக்கியமா, ஹீட்டர் பத்து பதினஞ்சு நிமிஷமா ஓடுது, சூடு ஒரு டிகிரி கூட ஏறல, அப்படின்னா சென்சார் பாத்திரத்துலேருந்து வெளிய விழுந்து காத்துல தொங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்பவும் ஆஃப் பண்ணிட்டு கத்தணும். 3டி பிரின்டர்கள்ல இத பெரும்பாலும் வச்சிருக்காங்க, தெர்மல் ரன்அவே ப்ரொடெக்‌ஷன்னு பேரு. வாட்ச்டாக் டைமரையும் போடு, புரோகிராம் நின்னுட்டா தானா ரீசெட் பண்றது அது, ஆர்டுயினோ, அதான் உன் கோட ஓட்டற அந்த குட்டி போர்டு, ஹேங் ஆகி ரிலே பின்னு ஆன்லயே நின்னுட்டா யாரு பாக்கறது.

இதெல்லாம் பண்ணாலும் ரிலே இருக்கே. ரிலேக்குள்ள ரெண்டு உலோகத் துண்டு ஒட்டி ஒட்டி பிரியுது, ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி தீப்பொறி, ஒருநாள் ஒட்டுனது ஒட்டுனபடியே நின்னுரும். இந்த மாதிரி ரிலேக்கு லோடோட சுமார் ஒரு லட்சம் தடவதான் ஆயுசு. நீ 10 செகண்டுக்கு ஒரு தடவ டிக்கு டிக்குன்னு அடிக்க விட்டா பன்னண்டு நாள்ல லட்சம் முடிஞ்சுது! 43 தாண்டுனா ஆஃப், 42.5க்கு கீழ வந்தா ஆன்னு நடுவுல ஒரு இடைவெளி விட்டா ஆயுசு பல மடங்கு நீளும். உடனே எஸ்எஸ்ஆர், அதான் உள்ள அசையற பாகமே இல்லாத ரிலே, வாங்கறேன்னு குதிக்காத, அது செத்தா பெரும்பாலும் ஆன்லதான் சாவும், அது இன்னும் மோசம்.

கோவமா எழுதறேன்னு நெனைக்காத. சின்னவ அந்த ரூம்லதான தூங்கறா? அத நெனச்சதும் எனக்கு கை நிக்கல.

சரி, இப்ப நல்ல செய்தி. உனக்கு அந்த குக்கரே வேண்டாம். யோசிச்சு பாரு, பால காய்ச்சி, 43 வரைக்கும் ஆற விட்டு, உறை ஊத்திதான் உள்ள வைக்கற, அப்ப அத சூடு பண்ணவே வேண்டியதில்ல, வெளிய போற சூட்ட மட்டும் ஈடு கட்டுனா போதும். அதுக்கு எதுக்கு 500 வாட்? ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4186 ஜூல், 500 வாட்டுன்னா சுமார் 8.4 செகண்டுக்கு ஒரு டிகிரி ஏறும், சென்சார் அத உணர்றதுக்குள்ள எங்கயோ போயிரும், அப்பறம் ஓவர்ஷூட் (குறிய தாண்டிப்போறது) ஓவர்ஷூட்னு பொலம்பி, பிஐடிங்கற கன்ட்ரோல் கணக்க ட்யூன் பண்ற வீடியோவா பாத்துட்டு இருப்ப. அதே 15 வாட்டா இருந்தா ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். உன்னோட அந்த அரைகுறை கோடே போதும், தங்கமா நிக்கும்.

நான் என்ன பண்ணியிருக்கேன்னா, பழைய தெர்மோகோல் பொட்டி ஒண்ணு, உள்ள 10 ஓம், 25 வாட் அலுமினியம் ரெசிஸ்டர ஒரு தடி அலுமினியத் தகடு மேல திருகி, அத தெர்மோகோல்ல படாம கட்டைய வச்சு தூக்கி நிறுத்தியிருக்கேன். 12 வோல்ட் குடுத்தா 14.4 வாட்டு. ரிலேவே கிடையாது, ஒரு மாஸ்ஃபெட்டு, அசையற பாகம் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச். அதுலயும் ஒரு வம்பு இருக்கு, ஐஆர்எஃப்னு ஆரம்பிக்கறதுல பலதும் கேட்ல, அதான் அத ஆன் பண்ற கால்ல, 10 வோல்ட் குடுத்தாதான் முழுசா திறக்கும், 5 வோல்ட்டுக்கு அரைக்கண்ண தொறந்துட்டு தானே சூடாவும், உனக்கு வேண்டியது ஐஆர்எல் வகை, ஐஆர்எல்இசட்44என் மாதிரி. வீட்டு கரன்ட் அடாப்டரோட நின்னுருது, பொட்டிக்குள்ள வரது 12 வோல்ட்டுதான். எல்லாத்தையும் விட எனக்கு புடிச்சது என்னன்னா, மாஸ்ஃபெட்ட வேணும்னே ஷார்ட் பண்ணி ஹீட்டர முழு நேரமும் ஓட விட்டு பாத்தேன், பொட்டி அறுபதை தொடாமலே நின்னுருச்சு, உள்ள போற சூடும் வெளிய போற சூடும் சமமாயிருச்சு. அதாவது எல்லாமே கெட்டுப்போனாலும் ஒரு நாள் தயிர்தான் போகும். அதோட 72 டிகிரி தெர்மல் ஃபியூஸ் ஒண்ணும் சீரிஸ்ல போட்டிருக்கேன், அத மட்டும் சால்டர் பண்ணாத, அயர்ன் சூட்டுலயே செத்துரும், உலோகக் குழாய்ல விட்டு நசுக்கி கிரிம்ப் பண்ணு.

சென்சார எங்க வைக்கறோம்கறதுல நான் பெரிய மேதாவி ஆயிட்டேன் தெரியுமா. பால்ல விடாத. ஒண்ணு, அந்த ஸ்டீல் குழாய் சாப்பாட்டுக்குன்னு செஞ்சதில்ல, உள்ள என்ன பசைய ஊத்தியிருக்கானோ. இன்னொண்ணு, பால் தயிரா ஆனதும் உள்ள சுழற்சி நின்னுரும், ஓரத்துல ஒரு சூடு, நடுவுல ஒரு சூடு, சென்சார் சொல்றது அது இருக்கற மூலையோட கதை மட்டும்தான். பாத்திரத்த தண்ணிக்குள்ள உக்கார வச்சு தண்ணியோட சூட்ட அளந்துக்க. தண்ணி தானா கலந்துக்கும், நீயும் தயிர அசைக்க வேண்டியதில்ல. அப்பறம் அந்த சென்சாருக்கு அரை டிகிரி முன்ன பின்ன இருக்கும்னு கம்பெனிக்காரனே சொல்றான், பொடிச்ச ஐஸும் தண்ணியும் கூழா கலந்து அதுல விட்டு பூஜ்யம் காட்டுதான்னு பாத்துக்க. கொதிக்கற தண்ணிய அவ்ளோ நம்பாத, உசரமான எடத்துல இருந்தா ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொறஞ்சுரும்.

தயிருக்கு வரேன். உன் தயிர் தண்ணியா வரதுக்கு 43 காரணமே இல்ல, நீ பால சரியா காய்ச்சல. ஒரு கொதி வந்ததும் எறக்கிடற. 85 கிட்ட ஒரு இருபது நிமிஷம் வச்சுப்பாரு, அப்பதான் பால்ல இருக்கற வே புரதம் உருக்குலைஞ்சு கேசீன்ங்கற இன்னொரு பால் புரதத்தோட ஒட்டிக்கும், அதுதான் தண்ணிய புடிச்சு வைக்கும். அதுக்கப்பறம் உள்ள நடக்கறது ஒரு கூட்டுக்குடித்தனம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசிலஸ் பல்கேரிகஸ்னு ரெண்டு பாக்டீரியா, ஒருத்தன் ஃபார்மிக் ஆசிட் தரான், இன்னொருத்தன் புரதத்த ஒடைச்சு அமினோ ஆசிட் தரான், ரெண்டு பேரும் சேந்து புளிக்க வச்சு பிஹெச்ச (புளிப்போட அளவு, எண் கொறைய கொறைய புளிப்பு ஏறும்) 4.6க்கு கொண்டு வந்தா கேசீன் கெட்டியாயிரும். நாமளும் மொட்டையும் லேப்ல ஒண்ணா ரெக்கார்டு எழுதுன மாதிரிதான், யாரு யாரோடத பாத்து எழுதுனான்னு கேக்காத.

பிஐடி பத்தி கேட்டல்ல, அது கப்பல்லேருந்து வந்தது. 1922ல மினோர்ஸ்கிங்கறவரு கப்பல ஓட்டற ஆள் சுக்கான எப்படி திருப்பறான்னு கவனிச்சு கணக்கு எழுதுனாரு, இப்ப எவ்ளோ தப்பா போகுது, எவ்ளோ நேரமா தப்பா போகுது, எவ்ளோ வேகமா மாறுதுன்னு மூணையும் பாக்கறான். தயிருக்கு அது வேண்டாம். அதுக்கும் முன்னாடி, 1600கள்லயே ட்ரெப்பல்னு ஒரு டச்சுக்காரன் கோழி முட்டை பொரிக்க அடுப்பு பண்ணியிருக்கான், ஆல்கஹால் சூடாகி விரிஞ்சு பாதரசத்த தள்ளி, அது காத்து போற வழிய மூடும். 400 வருஷம் முன்னாடி தெர்மோஸ்டாட்டு, அதுவும் கிளிப்பு இல்லாம!

முட்டைன்னதும் ஞாபகம், பிஐடி ஆசை அடங்கலன்னா முட்டைல காட்டு. வெள்ளைக்கருவுல ஒரு பகுதி 62 கிட்ட கெட்டியாக ஆரம்பிக்கும், மஞ்சக்கரு 65 கிட்ட, வெள்ளைல அதிகமா இருக்கற ஓவல்புமின்ங்கற புரதத்துக்கு 80 வேணும். அதனால 64, 65ல ஒரு மணி நேரம் வச்சா மஞ்ச மெழுகு மாதிரி நிக்கும், வெள்ளை அதவிட தளர்வா இருக்கும், ஒடைக்கறப்ப வீட்ல எல்லாரும் மூஞ்சிய சுளிப்பாங்க. இங்க ஒரு டிகிரி நெஜமாவே பேசும். அதுக்கு மட்டும் பெரிய ஹீட்டர் வேணும், நீ முழிச்சிருக்கப்ப பக்கத்துல நின்னு பண்ணு. ஆனா 60க்கு கீழ எறக்கி மணிக்கணக்கா வைக்காத, அங்க வளர்றது நமக்கு வேண்டாதவங்க.

எங்க வீட்ல அடுப்படிக்குள்ள நான் நுழைஞ்சாலே “சாப்பாடா, சயின்ஸா”ன்னு கேக்கறாங்க. கரண்டிக்கு பக்கத்துல கட்டர் கெடக்குதாம். அது எப்பவும் அங்கதான கெடக்கும்.

இத படிச்சு முடிச்சதும் மூணு வேலை, கிளிப்ப எடு, குக்கர் ஒயர மாத்தி ஒழுங்கா போடு, வெட்டி டேப் சுத்துன ஒயர திரும்ப மாட்டாத, உன் கோட முழுசா எனக்கு அனுப்பு, நான் அந்த நாலு வரிய சேத்து தரேன். ரெசிஸ்டர் என்கிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கு, மொட்டை வரப்ப குடுத்து விடறேன். அவன்கிட்ட என் மல்டிமீட்டர் மாட்டிக்கிட்டு இருக்கு, அத நீ வாங்கி வச்சுக்கிட்டாலும் பரவால்ல, அவன்கிட்ட மட்டும் இருக்க வேண்டாம்.

உன் பழைய பார்ட்னர்