கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய குடியிருப்புப் பணியாளர்களுக்கும் அம்மாவின் அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் வணக்கம்.

கோவை தொண்டாமுத்தூர் சாலையில் உள்ள உங்கள் மூத்த குடிமக்கள் குடியிருப்பில் என் அம்மா 2019ஆம் ஆண்டிலிருந்து வசித்து வருகிறார். அப்பா மறைந்த பிறகு புனேவுக்கு வந்துவிடுங்கள் என்று நான் அழைத்தபோது, "பேச்சு புரியாத ஊர்ல, பத்தாவது மாடில உக்காந்துட்டு நான் என்ன பண்றது கண்ணு?" என்று கேட்டுவிட்டு, உடுமலைப்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு தாமாகவே இந்த இடத்தைத் தேடி வந்தவர் அவர். அப்படியிருந்தும் பெற்ற தாயை இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாள் என்ற பேச்சு உறவினர் வீட்டு விசேஷங்களில் என் காதில் விழாமல் இல்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை எழுதி வைத்தால் அந்தப் பேச்சுக்கும் பதிலாகட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. யார் யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, அம்மாவைப் பகலில் கவனித்துக்கொள்ளும் சகோதரிக்கு. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்த அம்மா, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட அவருக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். பால், காய்கறி, மருந்துச் செலவுகளை எழுதும் நோட்டுப் புத்தகம்தான் பாடப்புத்தகம். அம்மா கூட்டுவார், அவர் சரிபார்ப்பார். 2023 ஆகஸ்டில் ஒரு நாள் அந்த நோட்டில் 37ஐயும் 48ஐயும் கூட்டி அம்மா 75 என்று எழுதியிருக்கிறார். தப்பு என்று காட்டிய பிறகும் அது எப்படித் தப்பு என்று அம்மாவுக்குப் புரியவில்லையாம். "டீச்சருக்கு என்னமோ சரியில்லீங்க, கூட்டல் தப்புப் போடறவங்க இல்லீங்க அவங்க" என்று அன்று இரவே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அம்மாவை ஒரு மருத்துவரிடம் காட்டியிருந்தோம். நடையில் தள்ளாட்டம், பேசிக்கொண்டிருக்கும்போதே அயர்ந்துபோவது, கேட்டதையே திரும்பக் கேட்பது என்று எல்லாவற்றையும் சொன்னோம். எண்பது வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும் என்று சொல்லி, ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். நானும் அதை நம்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து நாளுக்குப் பத்து நிமிடம் பேசுகிறவளுக்கு, மெல்ல வரும் மறதிக்கும் திடீரென்று வந்த குழப்பத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஒரு வாரத்தில் ஒருவர் வேறு ஆளாக மாறினால் அதற்கு உடம்பில் ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்பதை உங்கள் தலைமைச் செவிலியர் அடுத்த நாள் காலையில் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

அந்தச் செவிலியருக்கு என் இரண்டாவது நன்றி. என் சம்மதத்துக்குக்கூடக் காத்திராமல் காலை ஆறு மணிக்கே இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச் சத்து 135 முதல் 145 வரை இருக்க வேண்டும், அம்மாவுக்கு இருந்தது 117. இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையோடு நீர் பிரியச் செய்யும் தையசைடு மருந்தும் சேர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, இரத்த அழுத்தம் என்றால் உப்பே ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு, வெயிலுக்கு நல்லது என்று செம்பு செம்பாகத் தண்ணீரும் குடித்து வந்திருக்கிறார். மூன்றும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டன. குறைந்ததை ஒரே நாளில் ஏற்றிவிடவும் கூடாது, வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும் என்பதால், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துப் பார்த்து, மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்து மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஆம்புலன்சுக்கு எவ்வளவு ஆயிற்று என்பது.

வாரம் ஒருமுறை உங்கள் வளாகத்துக்கு வரும் முதியோர் நல மருத்துவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினொரு மாத்திரைகளையும் மேசைமேல் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் யார், எதற்காக, எப்போது எழுதிக்கொடுத்தார்கள் என்று கேட்டு, ஆறாகக் குறைத்தவர் அவர். முதியோர் நல மருத்துவத்தில் மேற்படிப்பு இந்தியாவிலேயே முதலில் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1996இல் தொடங்கியது என்று அவர் பெருமையோடு சொல்வதுண்டு. 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் அந்தப் படிப்பைப் படித்த மருத்துவரைச் சிறு ஊர்களில் தேடிக் கண்டுபிடிப்பது இன்றும் எளிதாக இல்லை. அது வேறு கதை.

சென்ற ஆண்டு நவம்பரில் அம்மா குளியலறை வாசலில் விழுந்தார். கூப்பிடு மணி ஒலித்ததும் முதலில் ஓடிவந்தவர் இரவுக் காவலர். விழுந்தவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தூக்கத்தான் நம் யாருக்கும் தோன்றும். அவர் தூக்கவில்லை. தலைக்கடியில் தலையணையை வைத்து, போர்வையைப் போர்த்தி, "அசையாதீங்கம்மா, நானும் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று தரையில் அருகிலேயே உட்கார்ந்துகொண்டு செவிலியரை அழைத்திருக்கிறார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. தூக்கி நிறுத்தியிருந்தால் முறிவு இன்னும் விலகியிருக்கக்கூடும் என்று எலும்பு மருத்துவர் பின்னர் சொன்னார்.

மறுநாளே அறுவை சிகிச்சை நடந்து பாதி மூட்டு மாற்றப்பட்டது. சிகிச்சை நன்றாகவே முடிந்தது, அன்றிரவுதான் பெரும்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு நான் யாரென்று தெரியவில்லை. சன்னலோரம் அப்பா நிற்பதாகச் சொன்னார், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். விடிய விடிய அழுதுகொண்டு நான் குடியிருப்புக்குத் தொலைபேசி செய்தேன். காலை எட்டு மணிக்கெல்லாம் பகல்நேரச் சகோதரி ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றார். அதற்குள் அம்மாவின் மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இருந்தன. அவசரத்தில் அவற்றை நாங்கள் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். கண்ணும் காதும் இல்லாமல் புது இடத்தில் கிடப்பவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பையில் இன்னொன்றும் இருந்தது. அம்மா தினமும் காலையில் தாள் கிழிக்கும் நாள்காட்டியை எதிர்வீட்டு ஐயா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆணியோடு பிடுங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கட்டிலுக்கு எதிரே மாட்டி, காது கருவியைப் பொருத்தி, "டீச்சர், ரெண்டு நாளாத் தேதி கிழிக்கல பாருங்க" என்றதும் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாள்காட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு தாள்களையும் தம் கையாலேயே கிழித்தார். குழப்பம் முழுதாக விலக ஆறு நாள் ஆயிற்று, ஆனால் விலகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான்.

திரும்பி வந்தபின் நான்கு மாதம் விடாமல் நடக்கப் பழக்கிய இயன்முறை மருத்துவருக்கும், படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்து ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட இரவுநேரப் பணியாளர்களுக்கும், அம்மாவுக்கென்று ரசஞ்சோற்றைக் குழையவிட்டு, சொல்லாமலே ஒரு முட்டையும் சேர்த்து அனுப்பிய சமையல்கூடத்தாருக்கும் என் கும்பிடு.

நிர்வாகத்தாருக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. இரவுப் பணிக்கு வரும் பெண்கள் சற்றே கண்ணயர வராந்தா நாற்காலியைத் தவிர வேறு இடமில்லை என்பதை நான் அங்கே தங்கியிருந்த நாட்களில் பார்த்தேன். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் இதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. காலியாக இருக்கும் பழைய நூலக அறையைக் கட்டில் போட்டு அவர்களுக்குக் கொடுத்தால் அதற்கான செலவில் என் பங்கைத் தர ஆயத்தமாக இருக்கிறேன். வேறு நான்கு குடும்பத்தாரும் சம்மதித்திருக்கிறார்கள்.

அம்மா இப்போது ஊன்றுகோலோடு உணவுக்கூடம் வரை தாமாகவே நடந்து செல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பணியாளர்கள் அனைவருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. யார் யாருக்கு எத்தனை இலை, எவ்வளவு அரிசி என்று அம்மா கணக்கெழுதி, சரிபார்க்கச் சொல்லி நோட்டைச் சகோதரியிடம் கொடுத்திருக்கிறார்.

நன்றியுடன்,
டீச்சரின் மகள்