கார்ட்டூன் பார்க்கட்டும், இந்தியில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கார்ட்டூன் படம் பார்த்தே என் பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறான்' என்று பெற்றோர் சொல்வதெல்லாம் வெறும் சாக்கு என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடை போர்டில் மராத்தி. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் இங்கிலீஷில் பேச ஆள் கிடையாது. டிவியில் அவர்கள் பார்க்கிற கார்ட்டூன் பெரும்பாலும் இந்தி டப்பிங். மீனும் இந்தி பேசும், எலியும் இந்தி பேசும். ஏற்கெனவே தெரிந்த இந்தி இன்னும் கொஞ்சம் வேகமாக வரும், வேறென்ன. அந்த வாசகர் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

எங்கள் வீட்டில் வைஃபை வந்த பிறகு, பேரனோடு பார்க்கும் படங்களுக்கு ஆடியோவையும் இங்கிலீஷில் வைத்து, கீழே ஓடும் சப்டைட்டிலையும் இங்கிலீஷிலேயே வைத்துவிட்டேன். "இந்தில வைங்க தாத்தா, ஒண்ணுமே புரியல" என்று அழாத குறை. நான் மசியவில்லை. தெரிந்த மொழியில் எழுத்து ஓடினால் கண் அதிலேயே கிடக்கும், காது வேலை செய்யாது.

'இன்சைட் அவுட்' என்று 2015இல் வந்த படம். ஒரு சிறுமியின் மூளைக்குள் ஐந்து உணர்ச்சிகள், ஆளுக்கொரு நிறத்தில். பச்சை நிறத்தில் இருப்பவள் பெயர் டிஸ்கஸ்ட், அதாவது அருவருப்பு. கைக்குழந்தைக்கு அப்பா ப்ரோக்கோலி ஊட்ட வரும்போது அவள் சுளிக்கிற முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பாகற்காய்க் கூட்டு வைத்த அன்றைக்கு, பேரன் தட்டைத் தள்ளிவிட்டு அதே சுளிப்போடு 'டிஸ்கஸ்டிங்' என்றான். நான் சொல்லித்தரவில்லை, அவன் அகராதியையும் புரட்டவில்லை. இதே படத்தை ஜப்பானில் வெளியிட்டபோது ப்ரோக்கோலியை எடுத்துவிட்டுப் பச்சைக் குடைமிளகாயை வைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆகாதது அதுதான். நம்மூருக்கு என்றால் பாகற்காய்தான் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் அதற்குத் தக்கபடி வாயசைவைச் செய்கிறார்கள். குரல் தெளிவாக இருக்கும், வாயும் ஒட்டிப்போகும். டப்பிங்கில் போவது முதலில் இந்தப் பொருத்தம்தான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இலக்கணம் வராது. லீவ் லெட்டர் எழுத வராது. சில சொற்கள் வீட்டுக்கு ஆகாது: 'ஃபைண்டிங் நீமோ'வில் வருகிற ஆமை எல்லோரையும், நம்மூர் 'மச்சி' மாதிரி, 'டூட்' என்று கூப்பிடும். பேரனும் கொஞ்ச நாள் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். அவன் பாட்டி முறைத்த முறையில் அது நின்றது. புதுப்புதுப் படமாக ஓட்டினாலும் பயனில்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, நடுவில் நிறுத்தி, 'இப்போ அவன் என்ன சொன்னான்?' என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். டிவியைப் போட்டுவிட்டு அம்மா அடுப்படிக்கும் அப்பா கடைக்கும் போய்விட்டால், சாக்கு என்று அந்த வாசகர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

பேச்சு எந்த மொழியோ அதே மொழியில் எழுத்தும் ஓடவேண்டும் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1996இலேயே முன்வைத்த யோசனை இது. தூர்தர்ஷனின் சித்ரஹார், ரங்கோலி நிகழ்ச்சிகளில் இந்திப் பாட்டுக்குக் கீழே இந்தி வரிகளே ஓடின. பாடப்பாட அந்தந்தச் சொல்லின் நிறம் மாறிக்கொண்டே வரும். அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் பாட்டு பார்த்துக்கொண்டே வாசிப்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்தது. பாட்டுக்குச் செய்ததைக் குழந்தைகள் சானல்கள் கார்ட்டூனுக்கும் செய்யலாமே? சில சானல்களில் ரிமோட்டை அமுக்கினால் இங்கிலீஷ் ஆடியோ வருகிறது, எழுத்துதான் வருவதில்லை. வைஃபைக்குப் பணம் கட்ட முடியாத வீடுகள் எங்கள் சந்திலேயே நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இருப்பது கேபிள் மட்டும்தான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் புதிருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வாரம் ஒரு படத்திலிருந்து பத்துச் சொற்களை, அவை எந்தக் காட்சியில் வருகின்றன என்ற குறிப்போடு போடுங்கள். பொருளை நீங்கள் எழுத வேண்டாம். படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும், சரியாக எழுதியவர்களின் பெயரை அடுத்த வாரம் போடுங்கள். பெயர் பேப்பரில் வரும் என்றால் எங்கள் தெருவில் ஒருத்தன்கூட இந்தியில் பார்க்க மாட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை