கோயில் காட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐயனார் கோயில் காட்டில் நாம் எடுத்துக்கொண்ட திருப்பணி நல்லபடியாக நிறைவடைந்தது. காட்டுக்குள் இனி வளர்ந்த சீமைக் கருவேலம் ஒன்றுகூட இல்லை. குளக்கரைப் பக்கம் கிளுவை மரக் கிளைகளை ஊன்றிப் போட்ட உயிர்வேலி வேர் பிடித்துவிட்டது. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டு கோடையைத் தாண்டி நிற்கின்றன. பணமாகவும் உழைப்பாகவும் விதையாகவும் தண்ணீர் வண்டியாகவும் தந்த எல்லோருக்கும் செயற்குழுவின் மனமார்ந்த நன்றி.

காட்டைப் பார்த்துவிட்டு வந்த உறுப்பினர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்கிறீர்கள், புதுசாக மரம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே?" நியாயமான கேள்விதான். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில்.

சோழமண்டலக் கரையோரம், மழை குறைவாக இருந்தாலும் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கிற காடு இது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். விறகுக்கும் வயலுக்கும் வீட்டுமனைக்கும் போனது போக, இன்றைக்கு அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்களைச் சுற்றித்தான். சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைக்காததால் தப்பியது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மரங்கள் வானளாவ இருக்காது. ஆனால் உள்ளே நுழைந்தால் உச்சி வெயிலிலும் நிழல்தான். வீரை, காசா, உலக்கைப் பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை என்று எல்லாமே நிதானமாக வளர்பவை. நம் தாத்தா காலத்தில் இடுப்பளவு இருந்த காசா இன்றைக்கு நம் தலைக்கு மேலே கொஞ்சம்தான் எழும்பியிருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டில் சோலை காட்ட யாராலும் முடியாது. காட்டுகிறேன் என்று சொல்பவர் வேறு ஏதோ மரத்தை நடுகிறார் என்று அர்த்தம்.

வேலையைத் தொடங்கும் முன் மழைக்காலம் முழுக்க நாம் எதையும் வெட்டவில்லை. அது சிலருக்கு வருத்தம். ஆனால் அந்த மாதங்களில்தான் திருப்பணியின் பாதி நடந்தது என்பது செயற்குழுவின் எண்ணம். ஞாயிறுதோறும் முள்ளுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினோம். சீமைக் கருவேலத்தின் அடியில் எதுவும் முளைக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பழைய மரங்களை ஒட்டிய ஓரங்களில், சருகை விலக்கினால், விரல் உயரத்துக்கு வீரைக் கன்றுகள் இருந்தன. பளபளவென்று கரும்பச்சை இலை. கன்றைச் சுற்றி ஆடு கடித்த தடம், கடித்த இடத்துக்குக் கீழே மறுபடி துளிர். இப்படி எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தனவோ! ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டினோம். கடைசியில் காடே கொடியேற்றம் கண்டதுபோல ஆகிவிட்டது.

எது வீரை, எது காசா என்று தொடக்கத்தில் நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே ஆடு மேய்க்கும் ஆயாதான் கற்றுக்கொடுத்தார். இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கச் சொல்வார். காட்டெலுமிச்சையை அப்படித்தான் பலரும் முதலில் அடையாளம் கண்டோம். "ஆடு தொடாத செடியப் பாத்தா போதும் தம்பி, எது தானா வரும்னு தெரிஞ்சிடும்" என்று அவர் சொன்னதை வைத்துத்தான் எங்கே நடுவது, எங்கே காவல் மட்டும் போடுவது என்று பிரித்தோம்.

அடுத்து வெட்டும் வேலை. ஜேசிபி வைத்தால் ஒரே வாரத்தில் முடியுமே என்ற யோசனை கூட்டத்தில் வந்தது. குளக்கரையின் வெளிப்பக்கம் மட்டும் அதற்கு ஒத்துக்கொண்டோம். காட்டுக்குள் விடவில்லை. உள்ளே விட்டிருந்தால் சிவப்புத் துணி கட்டிய கன்றும் போயிருக்கும், மேல்மண்ணும் போயிருக்கும். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராகச் சீமைக் கருவேலத்தைத் தோண்டியது நினைவிருக்கும். தோண்டிவிட்டு வெறுமனே விட்ட நிலங்களில் மறு மழைக்கே அது திரும்பி வந்தது. அதன் நெற்றை ஆடுமாடு தின்றால் விதை சாணத்தோடு வந்து விழுந்து முளைக்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். மரத்தைத் தரையோடு வெட்டினாலோ, அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைத்து வரும். அதனால் ஒவ்வொரு அடிக்கட்டையையும் சுற்றிக் கடப்பாரையால் ஒரு அடி ஆழமாவது பறித்து, கிளைக்கும் பகுதியோடு வேரை எடுத்தோம். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறாத ஆள் நம் குழுவில் இருக்க மாட்டார். வெட்டிய விறகு கரி மூட்டம் போடுபவர்களுக்கு விற்கப்பட்டு, அந்தப் பணம் கோயில் கணக்கில் சேர்ந்தது. உண்ணிச்செடியும் நிறைய இருந்தது. அதை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்க முடிந்ததால் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நடவுக்கு வேம்பும் புங்கனும் தூங்குமூஞ்சியும் தர நல்லமனம் கொண்ட பலர் முன்வந்தார்கள். தூங்குமூஞ்சி தென்னமெரிக்க மரம் என்பதால் வேண்டாம் என்றோம். வேம்பும் புங்கனும் நம் ஊரில் எங்கும் வளர்பவைதான். ஆனால் இந்தக் காட்டின் இடத்தைப் பிடிக்க வேண்டியவை அவை அல்ல. எனவே ஊர்ப் பள்ளிக்கும் சாலையோரத்துக்கும் கொடுத்துவிட்டோம். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வெறும் செம்மண் மேட்டில் காடு வளர்த்தவர்கள், முதலில் கத்திச்சவுக்கு போன்ற வேகமான அயல்மரங்களை நிழலுக்கு வைத்து, அந்த நிழலில் நாட்டு மரங்களை எழுப்பினார்கள். அங்கே வேறு வழியில்லை. நமக்கோ பழைய உலக்கைப் பாலையும் வீரையும் தந்த நிழல் ஏற்கெனவே இருந்தது. அந்த நிழல் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக நடவை நகர்த்தினோம்.

நாற்றுகள் எல்லாம் நம் உறுப்பினர் வீடுகளிலேயே வளர்ந்தவை. விதை சேகரிப்புதான் இதில் பெரிய பாடம். இலுப்பை விதை காய்ந்தால் முளைக்காது. பழம் விழுந்த சில நாட்களுக்குள் நாற்றுப் பையில் மண்ணில் ஊன்றியாக வேண்டும், அலமாரியில் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. நாவலும் அப்படித்தான். உலக்கைப் பாலையை சப்போட்டா ஒட்டுக்கட்டுபவர்கள் நன்றாக அறிவார்கள். அதன் நாற்றில்தான் சப்போட்டாவை ஒட்டுவார்கள். அப்படி ஒரு நாற்றங்காலில் பழகிய உறுப்பினர் நமக்குக் கிடைத்தது பெரிய உதவி.

ஐப்பசியில் மழை பிடித்து மண் நன்றாக நனைந்த பிறகே நட்டோம். இந்தக் கரைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் வேர் இறங்கினால்தான் சித்திரை வெயிலைத் தாங்கும். மேற்குப் பக்கத்துச் சரளை மேட்டில் கன்றுகள் நிறைய காய்ந்துபோயின. அங்கே மறுபடி மரம் வைக்காமல் காரை, களா, சூரை போன்ற புதர்களுக்கு விட்டோம். பார்க்க முள்காடுபோல இருக்கும். தயவுசெய்து யாரும் அதைச் "சுத்தம்" செய்ய வேண்டாம். அந்தப் பழங்களுக்கு வரும் கொண்டைக்குருவிகள் எச்சத்தோடு போடும் விதைகள் நாம் நட்டதைவிட நன்றாக முளைக்கின்றன. புதருக்குள் ஆடும் எளிதில் நுழையாது.

கிளுவைப் போத்துகளை (கிளைத் துண்டுகளை) வெட்டி வரிசையாக ஊன்றிய வேலி துளிர்த்து இறுகிவிட்டது. கம்பி வேலிக்கு ஒதுக்கிய தொகை அதனால் செலவாகாமல் மிஞ்சியது. காட்டெலுமிச்சையில் கறிவேப்பிலை அழகி பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. இலையைப் புழு தின்கிறதே என்று பதறி வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம்.

பராமரிப்பு இனி மூன்று வேலைதான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிதாக முளைக்கும் சீமைக் கருவேலக் கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்குவது. இது பல ஆண்டுகளுக்கு நீளும், அலுத்துப்போகக் கூடாது. கோடையில் சருகு தீப்பிடிக்காமல் பார்ப்பது. விளக்குகளையும் கற்பூரத்தையும் மண்குதிரைகளுக்கு முன்னாலுள்ள கல்தளத்தோடு நிறுத்திக்கொள்ள பூசாரி ஐயா ஒப்புக்கொண்டார். அப்புறம் விதை சேகரிப்பு. இந்த ஆண்டு காசா நீலநீலமாகக் கிளை மறையப் பூத்திருக்கிறது, காய் பிடித்தால் அணில் முந்துவதற்குள் நாம் போக வேண்டும்.

மிஞ்சிய தொகையை நாற்றங்காலுக்கு நிழல்வலை வாங்கப் பயன்படுத்தலாம் என்று செயற்குழு நினைக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முடிவு செய்யலாம். வரவு செலவுப் புத்தகமும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. உறுப்பினர் யார் கேட்டாலும் காட்டுவார்.

இப்படிக்கு,
திருப்பணிச் செயற்குழு