ஒமேகா சென்டாரியின் பூர்வீகம்

உசிலம்பட்டி

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. தம்பி மகள் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். கோடை மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இந்த மே மாதம் முழுவதும் இரவு பத்து மணிக்கு மேல் தோட்டத்தில்தான் இருக்கிறேன். அந்நேரம் தெற்கே ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து உச்சிக்கு வருகிறது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒற்றை விண்மீன் போலத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் நடுவில் வெளிச்சம் கூடி, ஓரம் கரைந்துபோகிற வட்டமான ஒளித்திட்டு. அதற்குள் ஏறக்குறைய 1 கோடி விண்மீன்கள்! தூரம் 17,000 ஒளியாண்டு. லண்டன்காரர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை; நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இப்படிப்பட்ட உருண்டைக் கொத்துகள் நம் பால்வெளியில் 150-க்கு மேல் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம். சூரியனுக்கு 460 கோடிதான். 1918-இல் ஹார்லோ ஷாப்லி என்ற வானியலாளர், இவை வானில் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பார்த்தே, சூரியன் பால்வெளியின் நடுவில் இல்லை என்று காட்டினார். அதைவிட என் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறு: இவற்றில் பல இங்கே பிறந்தவையே அல்ல.

தலைமுறை தலைமுறையாக மதுரையில் குடியிருக்கும் குடும்பம்கூட, மகாசிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எந்த ஊருக்கு பஸ் ஏறுகிறது என்று பார்த்தால் பூர்வீகம் தெரிந்துவிடும். கொத்துகளுக்கு அந்த அடையாளம், அவை சுற்றும் பாதையும் அவற்றின் விண்மீன்களில் உள்ள இரும்பின் அளவும். பால்வெளி போன்ற பெரிய விண்மீன் திரளில் விண்மீன்கள் அடுத்தடுத்து வெடித்து இரும்பு சீக்கிரம் சேர்ந்துவிடும். சிறிய திரளில் மெதுவாகத்தான் சேரும். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு கொத்துகளில், இரும்பு குறைந்தது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு திரள் பால்வெளியில் மோதிக் கலந்ததை, கயா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2018-இல் கண்டறிந்தார்கள். அது தன் கொத்துகளையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

ஒமேகா சென்டாரி பால்வெளி சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. பெரும்பாலான கொத்துகளைப் போலன்றி, அதன் விண்மீன்களில் இரும்பும் ஒரே அளவில் இல்லை. 2024-இல், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் அதன் மையத்தருகே மிக வேகமாக ஓடும் 7 விண்மீன்களைக் கண்டார்கள். சூரியனைப் போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை அங்கே இருந்தால்தான் அந்த வேகம் பொருந்தும். சிதைந்துபோன ஒரு திரளின் நடுப்பகுதிதான் இது என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன்.

உன் வீட்டு மாடியில் நகர வெளிச்சத்துக்கு இது சரியாகத் தெரியாது. பருவமழை மேகம் மலைப்பக்கம் ஏறுவதற்குள், அமாவாசையை ஒட்டிப் புறப்பட்டு வா. தேனி பஸ்ஸில் ஏறினால் போதும், நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். பேரனையும் கூட்டி வா.

அன்புடன்,
சோலைராஜ்