என்னைக் கேளாமல் என் எண்ணை மறைத்த நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கைபேசி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சிம் அட்டையை மாற்றித் தந்த நாளிலிருந்து என் அழைப்புகள் எதிர்முனையில் ‘பிரைவேட் நம்பர்’ என்றே விழுகின்றன என்பது தங்கள் கோப்பிலேயே இருப்பதால், பழைய கதையை மறுபடி சொல்லவில்லை. ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி வந்த பிறகும் எண் மறைந்தே இருப்பதால்தான் இந்த மடல்.

தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகை வைத்துத் தொழில் செய்கிறவன் நான். காற்று வலுக்கும் என்ற எச்சரிக்கை வந்து மீன்வளத் துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டால், அதை டிரைவருக்கும் ஆட்களுக்கும் இரவோடு இரவாகச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சென்ற வாரம் அப்படியோர் இரவில் நான் அழைத்த ஒருவர்கூட எடுக்கவில்லை. போலீஸ், சுங்கம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி நாள்தோறும் கேட்கிறவர்கள், எண்ணே தெரியாத அழைப்பை நடுச்சாமத்தில் எடுக்காததில் என்ன தவறு? விட்டுப்போன அழைப்பைத் திருப்பிக் கூப்பிடவும் அவர்களுக்கு வழியில்லை. ஐஸ் வண்டிக்காரரும் எடுக்காததால், சொல்லிவைத்த ஐஸ் முழுதும் வந்திறங்கி, படகு கிளம்பாமலே உருகிப் போயிற்று. விடியுமுன் மண்டபத்திலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் வந்து சேர்ந்த ஆட்கள், வீணாய் வரவழைத்ததற்காக என்னைத்தான் ஏசினார்கள். வாட்ஸ்அப்பில் சொல்லலாமே என்று தங்கள் ஊழியர் யோசனை சொன்னார். எங்கள் ஆட்களில் பலர் வைத்திருப்பது பட்டன் போன்.

கோளாறு என் கைபேசியில் இல்லை. அதன் அமைப்பில் ‘எண்ணைக் காட்டு’ என்றுதான் இருக்கிறது; இதே சிம்மை வேறு கைபேசியில் போட்டாலும் எண் மறைகிறது; வேறு சிம்மை என் கைபேசியில் போட்டால் தெரிகிறது. ஆகவே, தங்கள் சர்வரில் என் எண்ணின் பேரில் உள்ள பதிவில்தான் ‘மறை’ என்ற கட்டளை விழுந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், “உங்கள் எண் எங்களுக்கு நன்றாகத் தெரிகிறதே” என்கிறார்கள். தெரியத்தான் செய்யும்; மறைத்த எண்ணும் தங்கள் நெட்வொர்க்கிற்குள் பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறது, அழைக்கப்படுகிறவருக்குத்தான் அது காட்டப்படுவதில்லை. என் எண் தெரிய வேண்டியது தங்களுக்கு அன்று, என் ஆட்களுக்கு.

எண்ணை மறைக்கும் வசதி சிறப்புக் காரணம் காட்டிக் கேட்கும் பெரிய மனிதர்களுக்கே கிடைப்பது என்று அறிகிறேன். கேளாமலே அதை ஒரு படகுக்காரனுக்கு அளித்த பெருந்தன்மைக்கு நன்றி சொல்வதா என்று புரியவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புச் செய்தி நொடியில் வந்துவிடுகிறது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நிறுவனத்திடமிருந்தோ ஒரு நேரான பதிலுக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது.

வார்த்தை சற்றுக் கடுத்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சர்வரில் என் எண்ணின் மீதுள்ள அந்தத் தடையை நீக்கித் தருமாறும், நீக்கியபின் தங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு அல்லாமல் வெளியார் ஒருவருடைய கைபேசிக்கு என்னை அழைக்கச் செய்து, எண் தெரிகிறதா என்று பார்த்த பிறகே புகாரை முடித்துவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்பாகத் தாங்கள் என்னை அழைத்தால் உடனே எடுப்பேன். தங்கள் எண் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தங்கச்சிமடம்.