கொண்டி மாடு மேஞ்சா நஷ்டத்த எப்போ பேசறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பர்மாவுல பெகு பக்கத்து கிராமத்துல இருந்து எழுதறேன். கார்த்திகை போய் தை வர்றதுக்குள்ள எங்க ஊர்ல பாதி சண்டை மாட்டாலதான். நெல்லறுத்ததும் மாட்ட அவுத்து விட்டுடறது தாத்தா காலத்து வழக்கம், அப்போ வயல் தரிசா கெடந்துச்சு, யாருக்கும் நஷ்டமில்ல. இப்போ அறுத்த ஈரத்துலயே உளுந்து தெளிச்சிடறோம், மாடு மட்டும் இன்னும் தாத்தா காலத்துலயே இருக்கு.

போன தையில என் ஒன்றரை ஏக்கர்ல ஒரு ராத்திரி அஞ்சாறு மாடு எறங்கிடுச்சு, அதுவும் பூ வச்ச நேரம். காலையில போய்ப் பார்த்தா வரப்போரமா மாட்டு மரமணி ஒண்ணு கயிறு அறுந்து கெடக்கு. அது யாரு மாட்டு மணின்னு சத்தத்த வச்சே ஊருக்குத் தெரியும், ஆனா மாட்டுக்காரரோ மணி என்னுதுதான், போன வாரமே தொலைஞ்சு போச்சு, மேஞ்சது என் மாடு இல்லன்னுட்டார். (இப்போ சிரிப்பு வருது, அன்னைக்கு வரல.) நானும் லேசுப்பட்டவன் இல்ல, கோவத்துல முழு வயலுக்கும் கணக்கு போட்டு கேட்டேன், அவர் பத்துல ஒரு பங்குக்கு வந்தார், தூஜி (கிராம நிர்வாகி) வீட்டுல பஞ்சாயத்து ஒம்பது நாள் இழுத்துச்சு. பெரியவங்க வயலப் பார்க்க வர்றதுக்குள்ள தடமெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போச்சு, எது மாடு மிதிச்சது எது தானா கருகினதுன்னு எனக்கே சொல்லத் தெரியல.

எங்கப்பா காலத்துல இப்படி இல்ல. அன்னைக்கே ரெண்டு பேரும் பொது ஆள் ஒருத்தரும் வயல்ல எறங்கி, மேஞ்ச எடத்த காலடியால அளந்து மூலைக்கு மூலை மூங்கில் குச்சி நட்டுடுவாங்க, தொகை மட்டும் பேச மாட்டாங்க. ஏன்னா எலைய மட்டும் கடிச்சிருந்தா உளுந்து திரும்ப துளுத்துக்கும், பூவும் பிஞ்சும் போயிருந்தா போனதுதான், அது அன்னைக்கே தெரியாது. அறுவடையில குச்சிக்குள்ள இருக்கறத தனியா அடிச்சு, பக்கத்துல மேயாத எடத்துல அதே அளவு அடிச்சு, எவ்வளவு கொறையுதோ அதுதான் நஷ்டம். அதையும் உளுந்தாவே குடுத்துடறது நல்லது. 2017ல இந்தியா உளுந்து இறக்குமதிக்கு கோட்டா போட்டதும் இங்க வெல எப்படி விழுந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், முன்னாடியே பணமா பேசியிருந்தா யாராவது ஒருத்தர் வயிறெரிஞ்சிருப்பார்.

பிரிட்டிஷ்காரன் போட்ட 1871 கால்நடை சட்டத்துல பயிர்ல பிடிச்ச மாட்ட 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுக்கு (பிடிபட்ட மாட்ட அடைக்கிற பட்டிக்கு) அனுப்பணும், மாட்டுக்காரன் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கணும். ஆனா அந்த அபராதம் பயிர்க்காரன் கைக்கு வராது, நஷ்டம் வேணும்னா தனியா கோர்ட்டுல கேட்டுக்கணும். அதனாலதானோ என்னவோ சில பேர் மாட்டப் பிடிச்சு சொந்தக் கொல்லையில கட்டிப் போட்டு தண்ணி கூட காட்டறதில்ல, ஒரு எருது பின்னங்கால்ல அருவா வெட்டோட வீடு திரும்பினத நானே பார்த்தேன். மனுஷன் மேல இருக்கற கோவத்த வாயில்லா ஜீவன் மேல ஏன் காட்டணும்.

உளுந்து தெளிக்கறதுக்கு முன்னாடியே ஊர்க்கூட்டம் போட்டு, இனிமே குச்சி நட்டு அறுவடையில அளந்துதான் தீர்க்கறதுன்னு கிராம நிர்வாகி ஒரு பேப்பர்ல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினா போதும், செலவு மூங்கிலுக்குத்தான்.

என் விஷயம் கடைசியில ரெண்டு கூடை உளுந்துல முடிஞ்சுது. அந்த மணி இந்த வாரம் வரைக்கும் என் வீட்டு ஆணியிலதான் தொங்குச்சு, கொண்டு போய்க் குடுத்தேன், ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டார்.

இப்படிக்கு,
பெகு பக்கத்து உளுந்து விவசாயி